காரணம்: தெரியவில்லை

முப்பத்திரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து ஊரார் வாக்குமூலத்தை எல்லாம் எழுதியவன் நான். ஆடு திருடியவன் முதல் அண்ணன் மண்டையை உடைத்தவன் வரை, என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றால் பத்து நிமிஷத்தில் உண்மையைக் கக்கிவிடுவான். 'கண்ணுச்சாமி ஏட்டையா முன்னால பொய் நிக்காது' என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பேச்சே உண்டு. அந்தக் கண்ணுச்சாமிதான் ஒரு சிட்டிகை சந்தனத்துக்காகப் பொய் சொல்லி, ஒரு மனுஷனின் வேலையைப் பறித்தேன். சொல்லவே நாக்கூசுகிறது. கேட்க வேண்டியவர்கள் கேட்க மாட்டேன் என்றுவிட்டதால் உங்களிடம் சொல்கிறேன்.

ஆயுத பூஜை அன்று நடந்தது. மடவார் வளாகத்தில் எங்கள் வீடு. கழுவுவது, துடைப்பது எல்லாம் என் மனைவி பாண்டிசெல்வி பாடு. சந்தனம் வைப்பது மட்டும் என் இலாகா. பைக், மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மனை, என் பழைய லத்தி என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மகள் சிவரஞ்சனியின் கம்ப்யூட்டருக்கு வந்தேன். வாங்கி எட்டு மாசம்தான் ஆகிறது. கறுப்புப் பெட்டி. எங்கே வைப்பது என்று பார்த்தால், முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் குழி வெட்டி அனுப்பியதுபோல் இருந்தது. முகத்துக்கு வைத்து முதுகுக்கு வைக்காமல் விட்டால் அது என்ன மரியாதை? ஆறிலும் வைத்தேன். விரல் நுழையாத இடத்தில் தீக்குச்சியால் வைத்தேன். பூஜை முடிந்ததும், கழற்றி வைத்திருந்த வயர்களை நானே எடுத்துச் சொருகினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போயின.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று காலையிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த சிவரஞ்சனி, "அப்பா, மவுசு, கீபோர்டு, கேமரா எதுவும் வேலை செய்யலப்பா. யூஎஸ்பி போர்ட்டு அம்புட்டும் போச்சு" என்றாள்.

"அது என்னம்மா போர்ட்டு?"

"இந்தா, வயரு சொருகுற ஓட்டை."

அந்த நிமிஷமே, 'நான்தாம்மா சந்தனம் வச்சேன்' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பெற்ற மகளிடம் தப்பு என்னுடையது என்று அன்றுவரை நான் ஒப்புக்கொண்டதே கிடையாது. அதை ஒரு பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"போனை அதுலயே சார்ஜ் போட்டுப் போட்டுக் கெடுத்துட்ட! படிச்ச புள்ளைக்கு அம்புட்டு அறிவு வேண்டாமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. இன்னும் இருபது நாளில் அவளுக்குத் தேர்வு. சென்னைக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. வீட்டிலிருந்தபடியே, கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். அவள் குளிக்கப் போன நேரத்தில் வயர்களை உருவி, ஈரத்துணியால் வெளியே தெரிந்த சந்தனத்தைத் துடைத்தேன். பாதி உள்ளே போய்விட்டது. தடயத்தை அழித்தால் என்ன தண்டனை என்று எனக்குப் பிரிவு எண்ணோடு தெரியும்.

கம்பெனிக்குப் போன் போட்டோம். சுகமணி கம்ப்யூட்டர்ஸ் என்று பெயர். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பேசினாள்.

"வணக்கம், வாடிக்கையாளர் மனநிறைவு மையம். உங்கள் மனநிறைவுக்கு நான் எவ்வாறு உதவட்டும்?"

"மவுசு வேல செய்யலம்மா."

"புரிகிறது சார். மவுஸைப் பிடித்து, இடது மூலையில் உள்ள பட்டனைக் கிளிக் செய்யுங்கள்."

"மவுசுதாம்மா வேல செய்யல."

"பரவாயில்லை சார். கீபோர்டில் செய்யலாம்."

"அதுவும் அதே மாதிரி ஓட்டையிலதான் சொருகியிருக்கு. அதுவும் செத்துப்போச்சு."

"அப்படியானால், இரண்டும் வேலை செய்யவில்லை என்பதை அதே கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள் சார். வேறு கம்ப்யூட்டரிலிருந்து பதிவு செய்தால் அது வேறு கம்ப்யூட்டரின் புகாராகிவிடும்."

அப்புறம் கரண்டை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, ஆன் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். நான் அழுத்த, பாண்டிசெல்வி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"உள்ளே ஏதாவது திரவம் சிந்தியதா சார்?"

சந்தனத்தை நான் கெட்டியாகத்தான் குழைத்திருந்தேன். சட்டப்படி அது திரவம் ஆகாது. "இல்லம்மா" என்றேன். கம்பெனிக்குச் சொன்ன முதல் பொய் அதுதான்.

நேரில் போனால்தான் ஆகும் என்று, மறுநாள் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். மையத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதரை. ஊழியர்கள் எட்டுப் பேர் வரிசையாக நின்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வாடிக்கையாளரே எங்கள் மூச்சு. அவர் சிரிப்பே எங்கள் சம்பளம்." வாசலில் காத்திருந்த வாடிக்கையாளர்களும் எழுந்து நிற்க வேண்டுமாம். நானும் அட்டென்ஷனில் நின்றேன். உறுதிமொழி முடிந்ததும் எட்டுப் பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு ஒருவர் வெளியே வந்து, புகாருக்கு ஒரு எண் கொடுத்தார். புகார் மகள் பெயரில், மகள் போன் நம்பரில்.

மூன்றாம் நாள் இன்ஜினீயர் வந்தார். சாம்சன் என்று பெயர். ஐம்பதை நெருங்கும் வயசு. மில்லில் ஃபிட்டராக இருந்தவர், மில்லை மூடிய பிறகு கம்ப்யூட்டர் வேலை பழகிக் காண்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறார். வந்தவுடன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"இதுல சோதிக்கிற புரோகிராம் இருக்கு சார். போர்ட்டுல சொருகுனா, போர்ட்டுக்கு என்ன சீக்குன்னு இதுவே சொல்லிரும்."

"போர்ட்டே வேல செய்யலியே, பொறவு இது எப்படிப் பேசும்?"

"பேசாதுதான் சார். இருந்தாலும் சொருகணும். சொருகுன போட்டோவ அனுப்பினாத்தான் அடுத்த படி."

சொருகினார். உள்ளே போக மறுத்தது. கொஞ்சம் அழுத்தினார். போயிற்று, பேசவில்லை. அப்புறம் அவராகவே ஒரு டார்ச்சை எடுத்து ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் சிவரஞ்சனி தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

"எதனால கெட்டுதுன்னு காரணம் போடணும் சார். என்ன போடட்டும்?"

"நீங்கதான் சொல்லணும்" என்றேன், பெரிய ஆள் மாதிரி. "தொறந்து சுத்தம் பண்ணிப் பாத்தா என்ன?"

"பண்ணலாம் சார். பிரஷ்ஷும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் இருந்தா பத்து நிமிச வேல. ஆனா பெட்டியில ஒட்டியிருக்கிற கம்பெனி சீல ஒடைக்க அனுமதி வேணும். காரணத்தப் போட்டாத்தான் அனுமதி. அனுமதி இல்லாம ஒடைச்சா எனக்கு வேல போயிரும்."

செத்த நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எதையோ அழுத்தினார். சிவரஞ்சனியின் போனில் செய்தி வந்து விழுந்தது. 'காரணம்: தெரியவில்லை.' எனக்கு உயிர் வந்தது.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது பென் டிரைவோடு வந்தார். முதலாவது பேசாததால், பழுது பென் டிரைவில் இருக்கலாம் என்று மேலிடம் நினைத்ததாம். அதுவும் பேசவில்லை. நாலு நாள் கழித்து மூன்றாவது வந்தது, மதுரையிலிருந்து, வெல்வெட் பெட்டியில், அரக்கு முத்திரையோடு. கல்யாண நகை மாதிரி திறந்து காட்டினார். சொருகுவதற்கு முன் நானும் அவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். அதுவும் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவையும் டார்ச் அடித்தார், மூன்று தடவையும் என்னைப் பார்த்தார், மூன்று தடவையும் 'தெரியவில்லை' என்றே போட்டார். நான் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றிருந்தேன்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கையில், ராஜபாளையம் மையத்துக்குப் புகார்தாரரோடு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. 'மூலகாரணக் கூட்டம்' என்று எழுதியிருந்தது. நானும் சிவரஞ்சனியும் போனோம். மேனேஜர் நவநீதகிருஷ்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். சாம்சன் ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு நாற்காலி இல்லை.

"வாங்க ஏட்டையா. நம்ம கம்பெனியில காரணம் தெரியாத பழுதுன்னு ஒன்னு கெடையாது" என்று மேனேஜர் ஆரம்பித்தார். "தப்பு மூணே எடத்துலதான் இருக்க முடியும். பொருள் மேல இருக்கும், இல்ல வாடிக்கையாளர் மேல இருக்கும், இல்ல ஊழியர் மேல இருக்கும். பொருள் மேல தப்புன்னா மொதலாளி வருத்தப்படுவாரு. வாடிக்கையாளர் மேல தப்புன்னா நீங்க வருத்தப்படுவீங்க. யாரு வருத்தப்பட்டா யாரும் வருத்தப்பட மாட்டாங்களோ, அங்க கொண்டுபோய்த் தப்ப வைக்கணும். அதுக்குப் பேருதான் நிர்வாகம்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கள்ளம் கபடம் இல்லை. பால் மாதிரி சிரித்தார்.

"இவரு மூணு தடவ வந்து மூணு தடவையும் காரணம் தெரியலன்னு போட்டிருக்காரு. தெரியலங்கிறது ஒரு காரணமா? சரி, நீங்க போலீசு, ஒங்க கண்ணுக்குத் தப்பாது. சொல்லுங்க. பென் டிரைவச் சொருகும்போது இவரு பலமா அழுத்தினாரா?"

சிவரஞ்சனி என்னைப் பார்த்தாள். சாம்சன் தரையைப் பார்த்தார். எத்தனை பேரை இந்த மாதிரி மேஜைக்கு முன்னால் நிறுத்தி, 'உண்மையைச் சொல்லிரு, மனசு லேசாகும்' என்று நான் சொல்லியிருப்பேன்! இப்போது என்ன கேடு? 'ஐயா, சந்தனம்' என்று இரண்டு வார்த்தை. மகள் முன்னால் அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

"கொஞ்சம் அழுத்தித்தான் சொருகினாரு" என்றேன்.

அது பொய்யில்லை. என் சந்தனம் உள்ளே இருந்ததால் அழுத்தாமல் போகாது. இந்த மாதிரி உண்மைகளை ஸ்டேஷனில் நிறையப் பார்த்திருக்கிறேன். பொய்யாவது ஒருநாள் பிடிபடும், இது பிடிபடவே செய்யாது.

"அப்போ ஊழியரோட கவனக்குறைவு" என்று மேனேஜர் எழுதிக்கொண்டார். "சாம்சன், ஒங்கள இன்னையோட விடுவிச்சாச்சு. போறப்ப டார்ச்ச வச்சிட்டுப் போங்க."

"டார்ச்சு என் சொந்த டார்ச்சு சார்" என்றார் சாம்சன். அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் நாள் புதுப் பெட்டி வந்து இறங்கியது. சிவரஞ்சனி தேர்வை நன்றாக எழுதினாள். பாண்டிசெல்வி புதுப் பெட்டிக்கும் சந்தனம் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினாள். "எனக்கு வேலை இருக்கு" என்று தெருவுக்குப் போய்விட்டேன். சோறு இறங்கவில்லை. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று பதினைந்து நாள் ஓட்டினேன்.

அப்போதுதான் மேனேஜர் போன் பண்ணினார். "ஏட்டையா, இந்தக் காலாண்டோட மனநிறைவு வாடிக்கையாளரா ஒங்களத் தேர்ந்தெடுத்திருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமை விழா. குடும்பத்தோட வந்திரணும்."

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் என் படம், ஆளுயரத்துக்கு. சிரிக்காமல் எடுத்த ஆதார் கார்டு போட்டோவை வாங்கி, உதட்டோரத்தை யாரோ கம்ப்யூட்டரில் மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். முன்வரிசையில் பாண்டிசெல்வியும் சிவரஞ்சனியும். மேனேஜர் பேசினார்.

"இந்தக் காலாண்டுல நம்ம மையத்துல காரணம் தெரியாத பழுது சுத்தமாக் கெடையாது. மாவட்டத்துலயே நாமதான் மொதல். இதுக்காகத் தலைமை அலுவலகம் எனக்குக் கேடயம் குடுத்திருக்கு. ஆனா இந்தக் கேடயம் எனக்கு இல்ல. வாடிக்கையாளர் குடுத்த மனநிறைவுக்கு." சொல்லிவிட்டுக் கேடயத்தைப் பத்திரமாகத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கழுத்தில் பட்டதும் அரித்தது. மைக்கை வாங்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். அந்தக் கம்ப்யூட்டரக் கெடுத்தது நான். ஆயுத பூஜை அன்னைக்கு அந்த ஓட்டைக்குள்ள சந்தனத்த வச்சு அடைச்சது நான். சாம்சன் ஒரு தப்பும் பண்ணல. கேட்டப்ப நான் சொல்லல. வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு மனுசனப் பலி குடுத்துட்டேன். அவருக்கு வேலையத் திருப்பிக் குடுங்க."

மேனேஜர் கைதட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். அவர் மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா, எம்புட்டுப் பெரிய மனசு! வேலை போன ஒரு தொழிலாளிக்காக, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரே! இப்படிப்பட்ட வாடிக்கையாளர் கெடைக்க நாம குடுத்து வச்சிருக்கணும்."

"அய்யா, சத்தியமா நான்தான்!" என்று கத்தினேன். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. இன்னொரு பொன்னாடை வந்தது.

கீழே இறங்கியதும் மேனேஜரைத் தனியாகப் பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. தோளில் கை போட்டுப் பேசினார்.

"ஏட்டையா, நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். அந்தப் புகார மூடியாச்சு. மூடுனத் தொறக்கணும்னா காரணம் மாத்தணும். காரணப் பட்டியல்ல இருபத்திரண்டு இருக்கு. தண்ணி இருக்கு, காப்பி இருக்கு, எறும்பு இருக்கு. சந்தனம் இல்ல."

"புதுசா ஒன்னச் சேத்துக்க வேண்டியதுதான?"

"சேத்தா இருபத்தி மூணாயிரும். பட்டியல் இருபத்திரண்டுதான்னு கேடயத்துல எழுதியாச்சு."

"அப்போ புதுப் பெட்டியத் திருப்பி எடுத்துக்கோங்க. எனக்கு வேண்டாம்."

"திருப்பி எடுத்தா ஒங்க மனநிறைவு போயிருமே" என்றார், நிஜமான கவலையோடு. சாப்பாட்டுப் பந்திக்கு என்னைக் கைபிடித்து அழைத்துப் போய் உட்காரவைத்தார். இலையில் வைத்தது எதையும் நான் தொடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பாண்டிசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வன்னியம்பட்டி தாண்டியபிறகுதான் சிவரஞ்சனி வாயைத் திறந்தாள்.

"என்னைய ஏசுனீங்களேப்பா."

"ஆமாம்மா."

"நான் ராத்திரி பூரா அழுதேன், என்னாலதான் கெட்டுப்போச்சுன்னு." போனை எடுத்துத் தேடினாள். "பழைய மெசேஜ்ல அந்த இன்ஜினீயர் நம்பரு இருக்கு. மொத அவிய வீட்டுக்குப் போங்க."

மறுநாள் சாயங்காலம் பால்கோவாக் கடையில் நின்று, அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று யோசித்தேன். இந்தக் குற்றத்துக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒரு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ராஜபாளையத்தில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. சாம்சன் நடையில் உட்கார்ந்து யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க. உக்காருங்க."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஆயுத பூஜையிலிருந்து கல்யாண மண்டபம் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஸ்குரு டிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மொத நாளே தெரியும் சார். டார்ச் அடிச்சதும் மஞ்சளாத் தெரிஞ்சிச்சு. வாசமும் வந்திச்சு."

"பொறவு ஏன் தெரியலன்னு போட்டீங்க?"

"வாடிக்கையாளர் தப்புன்னு போட்டா மெசேஜ் நேரா ஒங்க மக போனுக்குப் போகும். அந்தப் புள்ள பக்கத்துலயே நின்னுச்சு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு சார். பெத்த அப்பனப் புள்ள முன்னால தலகுனிய வைக்க மனசு வரல. நீங்களா ஒருநாள் சொல்லிருவீங்கன்னு பாத்தேன்."

எந்த ரைட்டரும் எந்த ஸ்டேஷனிலும் என்னை இப்படி அடித்திருக்க முடியாது.

அந்நேரம் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பிளஸ் டூ படிக்கிறாளாம், ஷெரின் என்று பெயர். சாம்சன் அவசரமாக என் பக்கம் குனிந்து, "அவகிட்ட ஒன்னும் சொல்ல வேண்டாம் சார்" என்றார். "கம்பெனிக் கடுதாசிய அவ வாசிச்சிட்டா. கவனக்குறைவுன்னு போட்டிருந்தாங்க. சரிம்மா, அப்பா தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லி முடிச்சிட்டேன்."

என் மகள் முன்னால் என்னைக் குனிய விடாத மனுஷன், தன் மகள் முன்னால் குனிந்து நின்றிருக்கிறார். அதற்கப்புறமும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்னை மனுஷ ஜென்மத்தில் சேர்க்க முடியாது.

"ஏம்மா ஷெரின், இங்க வா. ஒங்கப்பா ஒரு தப்பும் பண்ணல. தப்புப் பண்ணது நான். அத மறைச்சதும் நான்" என்று அவளிடமும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடியே கேட்டாள். முகத்தில் கோபம் ஏதும் தெரியவில்லை. படிக்கிற பிள்ளை, ஒவ்வொன்றாக விவரம் கேட்டாள்.

"கம்பெனியிலயும் இதச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னேம்மா. மைக்குலயே சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கைதட்டுனாங்க."

அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல ஒங்கள்ட்டக் கேட்டப்பவே இதச் சொல்லியிருந்தா, எங்கப்பாவ வேலையில வச்சிருந்திருப்பாங்கல்ல?"

சாம்சன், "ஷெரின், போய்த் தண்ணி கொண்டாம்மா" என்றார். அவள் போகவில்லை. பதிலுக்காக நின்றாள்.

"ஆமாம்மா, வச்சிருந்திருப்பாங்க" என்றேன்.